தப்பிய மகரந்தம்

ஆம்பூர் டானரிகளுக்குத் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலையில் கஞ்சா பயிரானதை, 1,193 சாட்சிகளை விசாரித்த 1893-94ஆம் வருஷக் கமிஷனின் அறிக்கை வழியாகத்தான் அறிந்தேன்.

கஞ்சாவில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. மகரந்தம் பட்டால் பூ விதையாகும், சரக்கு மட்டமாகும். ஆகவே வங்காளத்து நௌகாவ்ன் வயல்களில், 'கஞ்சா டாக்டர்' என்று ஆங்கிலேயர் குறித்த நிபுணர் ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்கினார். ஆனால் விதை விழ, ஏதேனும் கொஞ்சம் மகரந்தம் அவர் கண்ணுக்குத் தப்பியாக வேண்டும்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இன்று ஒரு கிளைக்கு மட்டும் தூரிகையால் மகரந்தம் தடவி, உறை கட்டி விதையெடுக்கிறார்கள். விபத்து முறையாகிவிட்டது. நமது 1985ஆம் வருஷச் சட்டமோ பூநுனியைக் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத விதையை விட்டுவிடுகிறது.

ஆவணம் பிடுங்கிய கையைப் பேசுகிறது. மறுவருஷப் பயிர் தப்பியதிலிருந்து வந்தது. சரித்திரத்தையும் இப்படிப் படிக்கலாமென்று எனக்குத் தோன்றுகிறது.