சிலம்பாறும் நூபுர கங்கையும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அழகர்மலை. அடிவாரக் கோயிலைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால், இராக்காயி அம்மன் சன்னதியில் ஓர் ஊற்றுநீர் வந்து வீழ்வதைக் காணலாம். அதற்கு இன்று வழங்கும் பெயர் நூபுர கங்கை. பழந்தமிழ் நூல்கள் அறிந்த பெயர் சிலம்பாறு. நூபுரம் என்பது காற்சிலம்பு. ஆதலால் பின்னது முன்னதன் நேர் மொழிபெயர்ப்பு என்று பலரும் அமைதி கொள்கின்றனர். எனக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை.

சிலம்பு என்னும் சொல் காலில் அணியும் அணியை மட்டும் குறிப்பதன்று. மலைக்கும் மலைச்சாரலுக்கும் அதுவே பெயர். குறிஞ்சி நிலத் தலைவனைச் 'சிலம்பன்' என அகப்பாடல்கள் விளிப்பது இப்பொருள் பற்றியே. ஒலித்தலைச் சிலம்புதல் என்பதும் உண்டு. ஆகவே, மலையிற் பிறந்து மலையினின்று ஒலித்து இறங்கும் நீர் சிலம்பாறு எனப் பெயர் பெற்றிருக்கும் என்று கொள்வதே இயல்பாகப் படுகிறது. மொழிபெயர்த்தவர் இரு பொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டார், மலை கைவிடப்பட்டது.

ஆயினும் பழியை மொழிபெயர்த்தவர் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. அவருக்கு வழி காட்டியவர்கள் புலவர்களே! பரிபாடலின் 15ஆம் பாடலில் இளம்பெருவழுதியார், மாலிருங்குன்றம் சிலம்பாற்றை அணிந்திருப்பதாகக் கூறுகிறார். 'அணிந்த' என்ற அச்சொல் நோக்கத்தக்கது. மலை ஆற்றை அணிய வேண்டுமானால் ஆறு ஓர் அணியாக வேண்டும் அன்றோ? மலையாற்றின் உள்ளே காற்சிலம்பு அப்போதே மெல்ல ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பெரியாழ்வாரிடம் அவ்வொலி மறைவின்றிக் கேட்கிறது. தெய்வ மகளிர் தம் காற்சிலம்பு ஆர்ப்ப வந்து நீராடும் இடமாகச் சிலம்பாற்றை அவர் காட்டுகிறார். ஒரே சொல்லை இரு பொருளில் அடுத்தடுத்து வைத்த அவ்வின்பத்தைத் தமிழறிந்தார் எவரும் குறை கூறார். எனினும் அங்கே சிலம்பு அணிந்தோர் நீராட வந்த மகளிரே. உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியைப் பிரமன் நீராட்டினான், அந்நீர் திருவடிச் சிலம்பிற் பட்டுச் சிந்தி ஆறாயிற்று என்னும் தலபுராணத்தில்தான் ஆற்றின் பிறப்பிடமே மலையைவிட்டு நீங்கி வானுக்குச் செல்கிறது.

இதற்கு மாறான ஒரு சான்று, எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. காற்சிலம்பின் பெயரையே தன் பெயராகக் கொண்ட காப்பியம் சிலப்பதிகாரம். அதன் காடுகாண் காதையில் சிலம்பாறு வருகிறது. வேகமாக நிலத்தில் வீழும் ஆறாகவே வருகிறது. சிலம்பைக் கொண்டே கதை முழுவதையும் நடத்திய இளங்கோவடிகள், இவ்வாற்றைத் திருமாலின் காற்சிலம்போடு இணைக்கும் குறிப்பு எதனையும் அங்கே வைக்கவில்லை. அத்தகைய கதை அவர் காதில் விழுந்திருந்தால் விட்டிருப்பாரா?

அக்காதையில் வேறு மூன்று நீர்நிலைகள் உள்ளன. மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் அவற்றை விரித்துரைக்கிறான். திருமால்குன்றத்துப் பிலத்தினுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள். முதலாவதில் மூழ்கினால் ஐந்திர நூலறிவு, இரண்டாவதில் பழம்பிறப்புணர்ச்சி, மூன்றாவதில் நினைத்தவை யாவும் கைகூடும் என்கிறான். கவுந்தியடிகள் மூன்றையும் மறுத்து, வாய்மையில் வழுவாது உயிர் ஓம்புவார்க்கு எய்தாத பொருள் ஏது என்று வினவுகிறார். இக்காதையை வகுப்பில் நடத்தும்போது இம்மறுப்போடு நிறுத்திவிடுவதே நம் வழக்கம். சற்று மேலே படித்தால், அதே கானத்தில் கோவலன் தாமரை இலையில் தண்ணீர் கொணர்ந்து கண்ணகியின் தளர்ச்சியைத் தீர்க்கும் இடம் வருகிறது. வரம் தரும் நீரை விட்டு வந்தவன் கையில் தாகம் தீர்க்கும் நீர் இருக்கிறது. காப்பியத்துள் இதனினும் அமைதியான இடங்கள் மிகச் சிலவே.

சமணம் இம்மலையில் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கிடாரிப்பட்டிப் பக்கத்தில் அமைந்த குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் சுனையும் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. முதல் நூற்றாண்டினவாகக் கணித்துள்ளார். கொடையாளர் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: உப்பு வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன். மதுரையை 'மதிரை' என்று எழுதிய நகரத்தார் அவர்கள். ஊர்விட்டு ஊர் செல்லும் துறவிகளுக்கு உறைவிடம் அமைக்க வேண்டுமானால் நிழல் வேண்டும், படுக்கை வேண்டும், அருகில் நீர் வேண்டும். பாண்டிநாட்டுக் குகைத்தளங்கள் பலவற்றின் அருகே சுனை இருப்பது தற்செயலன்று. மலைமேற் பெய்த மழை மரவேர்களுக்கிடையே இறங்கி, பாறைப் பிளவுகளில் தங்கி, தாழ்ந்த இடத்தில் கசிந்து வெளிப்படுகிறது. மழை நின்ற பிறகும் சுனையில் நீர் நிற்பது அதனால்தான்.

அழகர் கோயிலார் இவ்வுண்மையைத் தம் வழியில் அறிந்தே இருக்கின்றனர். வேறு நீரால் திருமஞ்சனம் செய்தால் பெருமாளின் திருமேனி கறுத்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆதலால் மலைநீரே கீழே வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இம்முறை மாறுகிறது. ஐப்பசியில் தைலக்காப்புத் திருநாளன்று நீர் இறங்கி வருவதில்லை. அழகர் பல்லக்கில் மலையேறி, ஊற்று இருக்கும் இடத்துக்கே நீராடச் செல்கிறார்.