வெடியோசைக்கு அஞ்சாத குதிரைகள்: புள்ளலூர்ப் போரும் பரிப்பயிற்சியும்

மனிதன் பொழுதைச் செலவிடும் செயல்களில் பயனுடையவை இவை என எடுத்துரைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அம்பெய்தலோடு குதிரையைப் பழக்குவதையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் இந்நபிமொழியில், பழக்குதலைக் குறிக்க வந்துள்ள சொல் ‘தஃதீப்’. நல்லொழுக்கத்தைக் குறிக்கும் ‘அதப்’ என்னும் சொல்லோடு வேரால் உறவுடையது அது. குதிரையை அச்சுறுத்தி அடக்குவதன்று, அதற்குக் கல்வி புகட்டுவதே அதன் கருத்து.

இக்கருத்தின் அருமை வெடிமருந்துக் காலத்தில்தான் முழுமையாக விளங்கிற்று. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், போர்க்கலை குறித்த தமது நூலில் குதிரையேற்றத்தோடு வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையையும் விளக்கினார். அதே நூற்றாண்டில் அரபு வணிகர் பாண்டிய நாட்டுக் காயலில் ஆண்டுதோறும் குதிரைகளை இறக்கினர். அவற்றைப் பேணத் தெரிந்தோர் இங்கே இல்லாமையால் பல மடிந்தன என்று மார்கோ போலோ எழுதுகிறார். குதிரையை விலைக்கு வாங்கலாம். அதனைப் பழக்கும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது.

அவ்வறிவின் விளைவைத் தொண்டைமண்டலம் 1780இல் கண்டது. அவ்வாண்டு ஜூலையில் ஹைதர் அலீ பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 6இல் பேரம்பாக்கம் அருகே கர்னல் பெய்லியின் படையைத் திப்பு மறித்தார். செப்டம்பர் 10இல், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த புள்ளலூரில் ஹைதரும் வந்து சேர, கும்பினிப் படை சூழப்பட்டது. பீரங்கிகளும் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளும் முழங்கின. கும்பினியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அப்பேரோசைக்கும் புகைக்கும் நடுவே மைசூர்க் குதிரைப்படை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. பெய்லி சரணடைந்தார். காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த ஈராண்டுகளில் போர் கடலையும் எட்டியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலுள்ள கடலில் 1782 பிப்ரவரி 17இல் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின.

இவ்வெற்றியைப் பேசுவோர் ராக்கெட்டையே பேசுகின்றனர். ஆனால் குதிரை இயல்பிலேயே அஞ்சும் விலங்கு. திடீர் ஓசை கேட்டால் ஓடுவதே அதன் தற்காப்பு. பழகாத குதிரை தன் பக்கத்து வெடிக்கே மிரண்டு அணியைக் குலைத்துவிடும். அதனைப் பழக்கும் முறை எக்காலத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. கொள்ளு தின்னும் வேளையில் தொலைவில் மெல்லிய வெடி எழுப்புவர். அஞ்சாமல் தின்றால் நாளடைவில் அண்மையில் எழுப்புவர். பழகிய மூத்த குதிரை ஒன்றை அருகே நிறுத்துவர். இறுதியில்தான் சேணத்திலிருந்து, செவிகளுக்கு விலகிப் பக்கவாட்டில் சுடுவர். மிரளும்போது அடித்தால், ஓசை எழுந்தாலே வலி வரும் என்று குதிரை கற்றுக்கொள்ளும். பின்னர் அதனைத் திருத்துவது அரிது.

இதற்குப் பொறுமை வேண்டும். அரசின் குதிரையில் ஏறியவர் பார்கீர் எனவும் சொந்தக் குதிரையோடு வந்தவர் சிலாதார் எனவும் அழைக்கப்பட்டனர். சிலாதாருக்குக் குதிரை மாண்டால் பிழைப்பே போய்விடும். ஆகவே அதன் அச்சத்தைப் போக்குவது அவருக்குத் தம் வாழ்வைக் காப்பதாகும்.

பின்னாளில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலக் குதிரைப்படை அதிகாரி நோலன், படைக்குதிரைகளைப் பழக்குவது குறித்து 1852இல் நூல் வெளியிட்டார். வன்மையைக் கைவிட்டுப் படிப்படியாகப் பழக்கவேண்டும் என்பதே அவர் வற்புறுத்திய புதுமுறை. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ‘தஃதீப்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிய கருத்தும் அதுவே.

சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியமாக விளங்குகிறது. மருந்து வண்டி வெடிக்கிறது. அதனைச் சூழ்ந்து குதிரைகள் நெருங்குகின்றன. தளபதிகளின் பெயர்களை வரலாறு பதிந்து வைத்தது. அக்குதிரைகளுக்குக் கொள்ளு வைத்து, கழுத்தைத் தடவி, அச்சத்தைப் போக்கிய லாயக்காரர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. அவர்கள் பேணிய கலையையும் நம் வரலாற்றின் பகுதியாக எழுதுவது நம் கடமையாகும்.