மாதக் கடைசியில் வந்த அறிவிப்புகள்: பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப் பொருள் தட்டுப்பாடு

கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மூன்று முறை கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டது: 2020 மார்ச் 24, 2020 ஏப்ரல் 25, 2021 மே 22, 23. மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் சொல்லப்பட்டது. மக்கள் பயந்துபோய்ப் பொருள்களை வாரிக் குவித்தார்கள், சமூக இடைவெளியை மறந்தார்கள், பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்கள். இந்த விளக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தின் அளவையும் நேரத்தையும் தீர்மானித்தது பயமன்று. அறிவிப்புகள் வெளியான நாளும், அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே விடப்பட்ட மணிக்கணக்கும்தான். ஒரு மாதத்தின் பல நாள்களில் பரவி நடக்கும் கொள்முதல் ஓரிரு நாளுக்குள் நெருக்கப்பட்டது. அங்கே பொருளைவிட முதலில் தீர்ந்துபோனது நேரம்.

நாள்களை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும். 2020 மார்ச் 19 அன்று நாட்டு மக்களிடம் பேசிய பிரதமர், பொருள்களை வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 23ஆம் தேதி தமிழக அரசு, மறுநாள் மாலை 6 மணி முதல் மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு என்று அறிவித்தது. 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மீண்டும் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். நாட்டுக்குக் கிடைத்த அவகாசம் 4 மணி நேரம். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 காலை 6 மணி முதல் 29 இரவு 9 மணி வரையும், சேலம், திருப்பூரில் 28 இரவு வரையும் முழு ஊரடங்கு என அறிவிக்கப்பட்டது. அப்போது கடைகள் காலை 6 முதல் பிற்பகல் 1 மணி வரைதான் திறந்திருந்தன. எனவே இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமைக் காலை. கூட்டம் பெருகிய பிறகு, அன்றைக்கு மட்டும் நேரம் 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது. 2021 மே மாத நடுவில் மளிகைக் கடைகள் காலை 10 மணியோடு மூடப்பட்டு வந்தன. 22ஆம் தேதி, 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. இந்த முறை 22, 23 இரு நாளும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறக்கலாம் என்று அதே அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. முந்தைய ஆண்டின் அனுபவத்திலிருந்து கற்றது அவ்வளவு.

மூன்று அறிவிப்புகளும் மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் வந்தவை என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு இதுவே மையமான செய்தியாகப் படுகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் மளிகை வாங்கும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும், அந்த முதல் வாரத்துக்குள் சீட்டு எழுதப்படும். துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், எண்ணெய், குளியல் சோப்பு, துணி சோப்பு, பற்பசை என்று அந்தச் சீட்டு கடைக்குப் போகும். மாலையில் அட்டைப்பெட்டியில் சாமான் வீடு வரும். இருபதாம் தேதிக்கு மேல் டப்பாக்கள் அடி தெரியத் தொடங்கும். அதன் பிறகு கால் கிலோ, அரை கிலோவாக வாங்கி மாதத்தை ஓட்டுவார்கள். கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுப்பது மாத முதலை எண்ணித்தான். வாடிக்கையாளர் பாக்கியைத் தீர்த்தால்தான் அவரும் மேலே கட்ட முடியும். ஆக, மார்ச் 24, ஏப்ரல் 24, மே 22 ஆகிய மூன்று நாளிலும் வீட்டில் இருப்பு குறைவு, கடையில் இருப்பு குறைவு, கையில் பணமும் குறைவு. அன்று கதவடைப்பு என்று கேட்ட ஒரு குடும்பத்தலைவி கடைக்கு ஓடியதைப் பீதி என்று எழுதுவது அந்த வீட்டின் அடுக்களையைப் பார்க்காமல் எழுதுவதாகும்.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். இது கள ஆய்வில் கிடைத்த எண்ணன்று. வாதத்துக்காக எடுத்துக்கொண்ட உதாரணம். ஒரு மளிகைக் கடையை 300 குடும்பங்கள் நம்பியிருக்கின்றன என்று கொள்வோம். மாதச் சீட்டு ஒன்றை நிறுத்து, கட்டி, கணக்குப் போட்டுக் கொடுக்க ஓர் ஆளுக்கு 10 நிமிடம் பிடிக்கும். கடையில் நிற்பவர் இருவர். காலை 6 முதல் பிற்பகல் 1 வரை 420 நிமிடம். இருவருக்கும் சேர்த்து 840. அதிகபட்சம் 84 குடும்பங்களுக்குச் சாமான் கொடுக்கலாம். நேரத்தை 3 மணி வரை நீட்டினால் 108. மீதி 192 குடும்பங்கள், கிடங்கில் மூட்டை அடுக்கியிருந்தாலும், வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் ஒரு கிலோகூடக் கூடுதலாக வாங்கவில்லை, யாரும் பதுக்கவில்லை. ஆனாலும் வாசலில் கூட்டமும் தள்ளுமுள்ளும் உண்டாகிவிடும். இதே 300 குடும்பங்கள் மாதத்தின் முதல் பத்து நாளில் நாளைக்கு 30 பேராக வந்தால் கடைக்குள் நெருக்கடி என்ற பேச்சே எழாது.

வெளிநாட்டு ஆய்வும் இந்தத் திசையையே காட்டுகிறது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் கடை அலமாரிகள் காலியானபோது அங்கும் பதுக்குவோர் மீதுதான் கோபம் திரும்பியது. குடும்பங்களின் கொள்முதல் பதிவுகளை வைத்து மார்ட்டின் ஓ'கானல், ஆரியோ டி பவுலா, கேட் ஸ்மித் ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு வேறொன்றைக் கண்டது. தேவை திடீரென்று எகிறியதற்குப் பெருங்காரணம், ஒரு சிலர் வண்டி வண்டியாக ஏற்றிச் சென்றது அன்று. வழக்கத்தைவிடப் பல குடும்பங்கள் ஒரே சமயத்தில் அந்தப் பொருளை வாங்கியதுதான். பேரிடர்ச் சமூகவியலில் பல பத்தாண்டுகள் உழைத்த என்ரிக்கோ குவாரன்டெல்லியும், பேரிடரில் மக்கள் நிதானம் இழந்து நடப்பது நாம் நம்புவதைவிட மிக அரிது என்று தொடர்ந்து வாதிட்டவர்.

நிதானமாக யோசிப்பவரும் ஓடத்தான் செய்வார் என்பதை ராபர்ட் மெர்ட்டன் 1948இலேயே விளக்கினார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கற்பனை வங்கி நொடிந்துவிட்டதாக வதந்தி பரவுகிறது. எல்லாரும் பணத்தை எடுக்க வரிசையில் நிற்க, வங்கி உண்மையிலேயே நொடிகிறது. டக்ளஸ் டைமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983இல் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். 2022இல் நோபல் பரிசும் பெற்றார்கள். மற்றவர்கள் எடுக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்க்கும் எவருக்கும் தாமும் முந்துவதே அறிவுள்ள செயல் என்பது அவர்களின் முடிவு. பயப்படாதீர்கள் என்ற வேண்டுகோள் பலிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம். அந்த வேண்டுகோள் என் காதில் விழும்போதே அடுத்த வீட்டார் காதிலும் விழுகிறது. அவர் என்ன செய்வார் என்பதை நான் கணிக்கிறேன். சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7 அன்று நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டதும் பேரங்காடிகளில் அரிசியும் நூடுல்சும் கழிவறைத் தாளும் காலியாயின. மறுநாள் பிரதமர் பேசினார். அதற்கடுத்த நாள் பெரிய கூட்டுறவு அங்காடி ஒன்று ஆளுக்கு இவ்வளவுதான் என்று அரிசிக்கும் தாளுக்கும் வரம்பு வைத்தது. எனக்கும் கிடைக்கும் என்ற உறுதியைப் பேச்சைவிட இந்த வரம்பே நேரடியாகத் தருகிறது.

எல்லாத் தட்டுப்பாட்டையும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது. முகக்கவசத்தின் கதை வேறு. அது முன்பு எந்த வீட்டிலும் இல்லாத பொருள். திடீரென்று எல்லா வீட்டுக்கும் வேண்டியதாயிற்று. அறுவை முகக்கவசத்தின் விலை 6 மடங்கும், என்-95 விலை 3 மடங்கும் ஏறிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 3 அன்று எச்சரித்தது. மத்திய அரசு மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 21 அன்று மூன்றடுக்குக் கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என உச்சவிலை விதித்தது. இங்கே பற்றாக்குறை மெய்யானது. அதைத் தீர்த்தது பெரும்பாலும் உற்பத்திதான்: திருப்பூரின் தையல் கூடங்கள் துணிக் கவசத்துக்கு மாறின, சர்க்கரை ஆலைகளும் வடிப்பாலைகளும் கிருமிநாசினி தயாரித்தன. இன்னொரு பக்கம், கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் அதே மார்ச் மாதத்தில் கறிக்கோழியும் நாமக்கல் முட்டையும் விலை சரிந்து தேங்கின. அச்சம் ஒரு பொருளை அலமாரியிலிருந்து துடைத்தெடுத்த அதே மாதத்தில் இன்னொன்றை விற்காமல் நிறுத்தியது. பொத்தாம் பொதுவாகப் பீதி என்று சொல்வதால் ஆய்வுக்குப் பயன் எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

உத்தரவின் வாசகமே தட்டுப்பாட்டை உண்டாக்கிய இடமும் உண்டு. மத்திய அரசின் மார்ச் 24 உத்தரவு அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் லாரியில் இருப்பது அத்தியாவசியமா என்று கேட்டால், பதில் அவரவர் புரிதலைப் பொறுத்தது. பருப்பு அத்தியாவசியம், பருப்பை அடைக்கும் பை? பால் அத்தியாவசியம், பால் உறை? ஐந்து நாள் கழித்து, மார்ச் 29 அன்று, உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சரக்கையும் பாகுபாடின்றி விட வேண்டும் என்றும், மளிகை என்பதில் சோப்பு, சலவைத் தூள், பற்பசை, சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயாப்பர், பேட்டரி ஆகியனவும் அடங்கும் என்றும் அது சொன்னது. பால் பொட்டலத்துக்கான உறைப்பொருளுக்கும் அதில் தனியாக ஒரு வரி இருந்தது. பெண்களுக்கு மாதந்தோறும் வேண்டிய பொருளைத் தனியே பெயர் சொல்லி விளக்க ஐந்து நாள் ஆயிற்று. உத்தரவை எழுதிய மேசையில் ஒரு வீட்டின் மளிகைச் சீட்டு இருந்திருந்தால் இந்தத் தாமதம் நேர்ந்திருக்காது. லாரிக்கு அனுமதி கிடைத்த பிறகும் வழியில் சாப்பாட்டுக் கடையும் பஞ்சர் கடையும் திறக்காமல், இறக்கி வைக்கச் சுமைத் தொழிலாளர் இல்லாமல் சரக்கு நின்றது வேறு கதை.

வரிசையில் நின்றவர்களாவது ஏதோ ஒன்றை வாங்கினார்கள். வரிசைக்கே வர முடியாதவர்களைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சமும் பற்றிய நூலில், ஊரில் உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வலு ஒருவருக்கு இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். முந்தியவருக்கே பொருள் என்ற ஏற்பாடு, கையில் ரொக்கமும் வண்டியும் வேலையிலிருந்து கிளம்பும் சுதந்திரமும் உள்ளவருக்கே பொருளைப் பங்கிடுகிறது. மார்ச் 24 செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு அது வாரத்தின் நடுப்பகுதி. கட்டட வேலைக்குப் போனவர் கையில் அன்றைய கூலி மட்டுமே. அவருக்கு மூன்று வாரச் சாமானை வாங்கும் பீதி வந்திருந்தாலும், வாங்கியிருக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கூடுதல் அவகாசம் கொடுத்திருந்தால் தொற்றும் அந்த நாள்களில் பரவியிருக்கும். மக்கள் ஒரு முறைக்கு இரு முறை கடைக்கு வந்திருப்பார்கள். நோய் மாத முதல் தேதி வரை காத்திருக்காது. இதில் நியாயம் உண்டு. சென்னைக் கோயம்பேடு சந்தையை மையமாகக் கொண்டு பரவிய தொற்று, கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போயிற்று; மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஏப்ரல் 25 கூட்டம்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அடைசலான சந்தையில் தொற்று முன்பே நுழைந்திருக்கலாம். ஆனால் நெருக்கடியான கூட்டம் நோய்க்கு வசதி என்பதில் இரு கருத்தில்லை. ஆகவே அவகாசம் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும், அந்த அவகாசத்துக்குள் ஒரே சமயத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் குறைக்க முடியும். கடை திறக்கும் நேரத்தைக் குறைப்பது நடமாட்டத்தைக் குறைக்கும் என்ற எண்ணம் ஊரடங்குக் காலம் முழுவதும் நிலவியது. மேலே போட்ட கணக்கின்படி, வாங்க வேண்டியவர் எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் குறைந்தால் நெரிசல்தான் கூடும்.

இதற்கான கருவி தமிழ்நாட்டு அரசின் கையில் ஏற்கெனவே இருந்தது. வருமான வரம்பின்றி எல்லாருக்குமான பொது விநியோகம், ஏறத்தாழ 2 கோடி குடும்ப அட்டைகள், நாளும் நேரமும் குறித்துத் தரும் டோக்கன். 2020 ஏப்ரலில் 1000 ரூபாய் நிவாரணமும் விலையில்லாப் பொருள்களும் டோக்கன் முறையில்தான் வழங்கப்பட்டன. 2021 ஜூனில் கொடுத்த 14 பொருள் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: கோதுமை மாவு, உப்பு, ரவை, சர்க்கரை, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், ஒரு குளியல் சோப்பு, ஒரு துணி சோப்பு. கிட்டத்தட்ட மாதச் சீட்டேதான். அதை வரைந்த அதிகாரிக்கு ஒரு வீட்டின் தேவை தெரிந்திருக்கிறது. ஆனால் பை வந்தது, மே மாத நெரிசல் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகு. அதுபோலவே, காய்கறி வண்டிகள் மே 24 முதலே தெருவுக்கு வந்தன. மளிகைக் கடைக்காரர்கள் வண்டியிலும் வீட்டுக்கே கொண்டுபோயும் விற்கலாம் என்ற அனுமதி மே 31 முதல்தான் கிடைத்தது. அந்த அனுமதி 22ஆம் தேதி உத்தரவிலேயே ஒரு வரியாக இருந்திருந்தால், 23 அன்று கடை வாசலில் நின்றவர்களில் பலர் சீட்டைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

டோக்கனும் தொலைபேசியும் எட்டாத வீடுகளும் இருக்கின்றன. வாடகைக்கு ஒற்றை அறையில் ஐந்தாறு பேராகத் தங்கும் தொழிலாளர்களிடம் இந்த ஊர் அட்டை இருக்காது; கடைக்காரருக்கு அவர்கள் வாடிக்கையுமல்லர்; மூன்று வாரச் சாமானை வைக்க அறையில் இடமும் கிடையாது. ஷாம்புப் பொட்டலமும் நூறு கிராம் பருப்புமாக அன்றன்றைக்கு வாங்குவதே அவர்கள் வாழும் முறை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் தனியே அறிவிக்கப்பட்டது. சோப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கைகழுவச் சொன்ன நோய்க்காலத்தில் அவர்களுக்கு அது கிடைத்திருக்க வேண்டிய ஒரே இடம் தெருமுனைக் கடை. ஏப்ரல் 26 முதல் 29 வரை அதுவும் மூடியிருந்தது.