ஒன்பதாம் நம்பரைக் காணோம்!

மெஸ்ஸியை வெச்சு 'ஃபால்ஸ் நைன்'னு பேசறோமே, அந்த வித்தையில ஒரு டீம் மொத்தமா சிதறின கதை இது. 1953 நவம்பர் 25, லண்டன் வெம்பிளி. இங்கிலாந்தும் ஹங்கேரியும். பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்த எந்த டீமும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் ஜெயிச்சதில்லை.

அப்போல்லாம் முதுகுல இருக்கிற நம்பர்தான் விலாசம். 9 போட்டவர் எதிரணி கோலுக்கு முன்னால நிற்பார். 5 போட்டவர் அவரை மார்க் பண்ணுவார். ஆனா ஹங்கேரியோட 9, நாந்தோர் ஹிடெக்குட்டி, முன்னால நிக்கவே இல்லை. பின்னால இறங்கி நடுக்களத்துல பந்தை வாங்கினார்.

இங்கிலாந்தோட 5, ஹாரி ஜான்ஸ்டன் என்ன பண்ணுவார்? கூடவே போனா, அவர் விட்ட இடத்துல புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துடுவாங்க. போகலைன்னா ஹிடெக்குட்டி ஃப்ரீ. மனுஷன் முதல் நிமிஷத்துலேயே அடிச்சார், மொத்தம் 3 கோல். மேட்ச் 6-3.

ஜான்ஸ்டனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஒருத்தர் தனியா போட்டு முடிக்கிற கணக்கா அது? மிட்ஃபீல்டர் யாராவது ஹிடெக்குட்டியைப் பிடிச்சிருக்கணும். அப்படி ஆடி அந்த டீமுக்குப் பழக்கமில்லை. ஆனா இங்கிலாந்துக்காக அவர் ஆடின கடைசி மேட்ச் அதுதான். ரைட் பேக் ஆல்ஃப் ராம்சேக்கும் அதேதான்.

அடுத்த மே மாசம் புடாபெஸ்ட்ல 7-1. அப்புறம் மான்செஸ்டர் சிட்டி இதே வேலையை டான் ரெவிகிட்ட கொடுத்து, 1956 எஃப்.ஏ. கோப்பையைத் தூக்குச்சு. ராம்சே? 1966ல, விங்கர்களே இல்லாத ஒரு டீமுக்கு மேனேஜரா, அதே வெம்பிளியில உலகக் கோப்பையை ஜெயிச்சார்.