நூருத்தீன் எந்தப் பக்கம்? - 1803 கண்டிப் போரும் இரண்டு ரெஜிமென்ட்களும்

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அந்தச் சண்டையில எங்கட ஆக்கள் எந்தப் பக்கம்?" நான் தமிழ் படித்தவன், வரலாற்றுப் பாடம் என் தலையில் வந்து விழுந்தது ஆசிரியர் பற்றாக்குறையால்தான். அன்று "நாளைக்குச் சொல்றன்" என்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நமது நாட்டில் முஸ்லிம் பிள்ளை ஒன்று அப்படிக் கேட்பது வெறும் பரீட்சைக்காக அல்ல என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

போரின் தொடக்கத்திலேயே நாம் இருக்கிறோம். 1802 இல் புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் கண்டி நாட்டில் கொள்வனவு செய்த பாக்கைக் கண்டியார் பறித்துக்கொண்டனர். அந்த வியாபாரிகள் ஆங்கிலேயரின் குடிகள். ஆளுநர் பிரடெரிக் நோர்த் நட்டஈடு கேட்டார், அது கிடைக்கவில்லை. போருக்கு அதுவே சாட்டாயிற்று. கண்டியைப் பிடிக்கும் ஆசை அவருக்கு முன்னரே இருந்தது. அதிகார் பிலிமத்தலாவையுடன் அவர் நடத்திய இரகசியப் பேச்சுகளே அதற்குச் சாட்சி.

1803 ஜனவரி கடைசியில் ஜெனரல் மெக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். லெப்டினன்ட் கேர்ணல் பார்பட் திருகோணமலையிலிருந்து புறப்பட்டார். பார்பட்டின் அணியில் 19 ஆவது ரெஜிமென்டின் ஐந்து கம்பனிகளும், மலாய் ரெஜிமென்டின் பெரும்பகுதியும் வந்தன. நமது கேள்விக்கான விடை இந்த இரண்டு ரெஜிமென்ட்களின் அமைப்புக்குள்தான் கிடக்கிறது.

ஆங்கிலேயக் காலாட்படை ரெஜிமென்ட்களுக்கு முதலில் கேர்ணலின் பெயர் இருந்தது, பிறகு இலக்கம் வந்தது. 1782 இல் மாவட்டப் பெயரும் சேர்ந்தது. அப்படித்தான் 19 ஆவது ரெஜிமென்ட், யோர்க்ஷயர் நோர்த் ரைடிங் மாவட்டத்தின் பெயரைப் பெற்றது. 'கிரீன் ஹவாட்ஸ்' என்ற பட்டப்பெயர் அதற்கும் முந்தியது: ஹவாட் என்ற கேர்ணல், சட்டைக் கழுத்திலும் கையிலும் பச்சைத் துணி. மாவட்டப் பெயர் இருந்ததால் எல்லாரும் அந்த மாவட்டத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் சேர்த்தார்கள். அயர்லாந்து ஏழைகள் பலர் இப்படித்தான் ஆங்கிலேய மாவட்டங்களின் பெயரில் சிப்பாய்கள் ஆனார்கள்.

ஒரு பட்டாலியனில் பத்துக் கம்பனிகள். எட்டு நடுவில் நிற்கும். உயரமும் பலமும் உள்ளவர்களைக் கொண்ட கிரனேடியர் கம்பனி வலப்புறம், சுறுசுறுப்பான லைட் கம்பனி இடப்புறம். கம்பனிக்கு ஒரு கெப்டன். அவருக்குக் கீழே லெப்டினன்ட், என்சைன், சார்ஜன்ட்கள், கோப்ரல்கள், பறையடிப்போர். கேர்ணல் என்பவர் பெரும்பாலும் பெயருக்குத்தான். களத்தில் நடத்துபவர் லெப்டினன்ட் கேர்ணல். அதிகாரிப் பதவிகள் பலவற்றைப் பணம் கொடுத்து வாங்கலாம். சிப்பாய்க்குக் கிடைத்தது கூலியும் கசையடியும். இத்தனைக்கும் நடுவில் அவனைப் பிணைத்து வைத்தவை ரெஜிமென்டின் இலக்கமும் இரண்டு கொடிகளும்தான்: ஒன்று மன்னருடையது, மற்றது ரெஜிமென்டுடையது. அவன் நாட்டுக்காகச் செத்தான் என்பதைவிட ரெஜிமென்டுக்காகச் செத்தான் என்பது உண்மைக்குக் கிட்ட.

மலாய் ரெஜிமென்டின் கதை வேறு. ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவந்த படையினரும், நாடுகடத்தப்பட்ட பிரபுக்களின் வழியில் வந்தோரும் அதில் இருந்தனர். 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது இவர்களும் கைமாறினார்கள். கம்பனிகளும் பதவிப் பெயர்களும் ஆங்கில முறைக்கு வந்தன. மலாய்க் கெப்டன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே வெள்ளை அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு பெரிய வித்தியாசம்: மலாய்ச் சிப்பாய் மனைவி மக்களோடு வாழ்ந்தான். அவனுடைய ரெஜிமென்டே அவனுக்கு ஊர்; அதுவே மஹல்லா.

பெப்ரவரியில் கண்டி நகரம் சண்டையின்றிக் கிடைத்தது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்குள் போய்விட்டார். ஆங்கிலேயர் முத்துசாமியை மன்னராக்கினார்கள்; மக்கள் அவரை ஏற்கவில்லை. ஏப்ரலில் மெக்டவல் திரும்பிப் போக, சுமார் 300 வெள்ளையரும் 700 மலாயரும் நகரில் மிஞ்சினர். பிறகு மழையும் காய்ச்சலும் வந்தன. இங்கிலாந்திலிருந்து புது ஆள் வருவதற்கு மாதக்கணக்கில் கப்பலோட வேண்டும். அதனால் 19 ஆவது ரெஜிமென்ட் ஆஸ்பத்திரிக் கட்டில்களிலேயே கரைந்தது. பார்பட்டும் காய்ச்சலில் இறந்தார். கட்டளை மேஜர் அடம் டேவியிடம் வந்தது.

ஜூன் 24 விடியுமுன் கண்டியார் தாக்கினர். மன்னரின் பக்கத்திலும் மலாயர் இருந்தார்கள். தாக்குதலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சங்குங்லோ என்ற மலாய்த் தலைவர். அவர் அந்தச் சண்டையிலேயே விழுந்தார். ஆக, மலாயரை எதிர்த்து மலாயர், முஸ்லிமை எதிர்த்து முஸ்லிம். பகலில் டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம் என்பது உடன்பாடு. மாலையில் வட்டப்புலுவையில் மகாவலிக் கரைக்கு வந்தால், ஆறு பெருகிக் கிடந்தது, ஓடம் இல்லை. மன்னர் முத்துசாமியைக் கேட்டார்; டேவி ஒப்படைத்தார்; அவர் கொல்லப்பட்டார். 26 ஆம் திகதி ஆயுதம் களைந்த வெள்ளையரை இரண்டிரண்டு பேராகக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நகரில் விட்டுவந்த நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். காயத்தோடு தப்பிய கோப்ரல் பார்ன்ஸ்லிதான் மாத்தளைக் கோட்டைக்குச் சேதி கொண்டு போனவர். டேவி சிறைக்கைதியாகவே பல வருடங்கள் வாழ்ந்து கண்டியில் இறந்தார்.

மலாயருக்கு வேறொரு தெரிவு வைக்கப்பட்டது: மன்னரிடம் சேவகம் செய், அல்லது சாவு. பலர் சேர்ந்தார்கள். கெப்டன் நூருத்தீனும் அவருடைய சகோதரரும் மறுத்தார்கள். மன்னர் தம் மலாயருக்கே தலைவராக்குவதாகச் சொன்னார். இங்கிலாந்து மன்னருக்குச் சத்தியம் செய்துவிட்டேன் என்பதே நூருத்தீனின் பதில். சிறையில் வைத்துப் பிறகும் கேட்டார்கள். பதில் மாறவில்லை. இருவரும் கொல்லப்பட்டார்கள், அடக்கம் செய்யவும் விடப்படவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சபலம் வந்தது. "பார்த்தாயா, நம்மவர் எவ்வளவு விசுவாசமானவர்" என்று வகுப்பில் சொல்லிவிடலாமே என்ற சபலம். பிறகு யோசித்தேன். விசுவாசம் யாருக்கு? நாட்டைப் பிடிக்க வந்தவருக்கல்லவா? அப்படியானால் சங்குங்லோதான் நல்லவர், நூருத்தீன் துரோகியா? மன்னரிடம் சேர்ந்து உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோர் என்ன? அவர்களோடு பெண்டு பிள்ளைகளும் இருந்தார்களே!

இன்றைய 'நாடு' என்ற அளவுகோலை அவர்கள் மீது வைப்பதே பிழை. ஏழு வருடத்துக்கு முன் ஒல்லாந்தர் கொடி, பிறகு ஆங்கிலேயர் கொடி, இப்போது கண்டி மன்னர். கொடியை மாற்றியவர்கள் அவர்கள் அல்லர். பெரியவர்கள் கொடி மாற்றினார்கள், சிப்பாய் கைமாறினான். யோர்க்ஷயர் பெயரில் செத்த அயர்லாந்துக்காரனின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நூருத்தீன் காத்தது இங்கிலாந்தை அல்ல, கொடுத்த வாக்கை. தமிழில் இதைச் செஞ்சோற்றுக் கடன் என்போம். வாக்குறுதியை நிறைவேற்றுங்கள் என்ற மார்க்கக் கட்டளையும் அவர் அறியாததல்ல. உயிர் காக்கச் சேர்ந்தவர்களையும் நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. அவர்கள் உள்ளத்தை வல்ல அல்லாஹ் அறிவான்.

19 ஆவது ரெஜிமென்ட் 1820 வரை இலங்கையில் இருந்தது. 1881 இல் மாறிய அதன் பெயரிலும் யோர்க்ஷயர் இருந்தது. அதன் நினைவைப் பேண ரிச்மண்ட் நகரில் அரும்பொருளகம் இருக்கிறது. மலாய் ரெஜிமென்டின் வழிவந்த சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் 1873 இல் கலைக்கப்பட்டது. சிப்பாய்கள் பொலிஸுக்கும் தோட்டங்களுக்கும் போனார்கள். மிஞ்சியவை சில பள்ளிவாசல்களும் கொழும்பில் ரைபிள் வீதி போன்ற பெயர்களும்தான். கலாநிதி பீ.ஏ. ஹுஸைன்மியா 'ஓராங் ரெஜிமென்' எழுதியிராவிட்டால் அவர்களைப் பற்றி நாம் அறிவது இன்னும் குறைந்திருக்கும். வட்டப்புலுவையில் டேவியின் பெயரால் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. நூருத்தீனுக்குக் கபுறு இல்லை.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன்: "மகன், எங்கட ஆக்கள் ரெண்டு பக்கமும் இருந்தாங்க. பாக்கு வித்தவங்களாகவும் இருந்தாங்க. இந்த மண்ணில இருந்த எல்லாரையும் போலத்தான்." பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்களும் இஞ்சதான் இருந்திருக்கோம், என்ன சேர்?" என்றது.

"ஓம், இஞ்சதான்" என்றேன்.