செயலாக்கத் தடமறிதல்

செயலாக்கத் தடமறிதல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நிறுத்தவும், அதன் நினைவகத்தையும் பதிவகங்களையும் படிக்கவும் மாற்றவும் மற்றொரு நிரலுக்கு இயக்குதளம் அளிக்கும் வசதி ஆகும். இவ்வாறு கண்காணிக்கும் நிரல் வழுநீக்கி எனப்படும். ஜிடிபி பரவலாக அறியப்பட்ட ஒன்று. யுனிக்சு வழிவந்த பல இயக்குதளங்களில் இவ்வசதி 1970களில் தோன்றிய பீட்ரேசு என்னும் முறைமை அழைப்பின் வழியே கிடைக்கிறது.

நிகழ்வு தெரிவிக்கப்படும் முறை

தடமறியப்படும் செயலாக்கத்தில் ஏதேனும் நிகழ்ந்தால், இயக்குதளத்தின் உட்கருவான கருனி அதனை நிறுத்திவிட்டு, காத்திருக்கும் வழுநீக்கியை எழுப்பும். விண்டோசு இயக்குதளம் நிகழ்வின் வகையையும் விவரங்களையும் ஒரு கட்டமைப்பில் நிரப்பித் தருகிறது. லினக்சில் வழுநீக்கிக்கு முதலில் கிடைப்பது ஒரே ஒரு முழு எண். நிறுத்தற்புள்ளி, படிப்படியான ஓட்டம், முறைமை அழைப்பு ஆகிய அனைத்தும் சிக்டிராப் என்ற ஒரே சமிக்ஞையாகத் தோன்றக்கூடும். எது எதுவென்று அறிவது வழுநீக்கியின் பாடு.

இக்குழப்பத்தைக் குறைக்கப் பின்னர் சில விருப்பத்தேர்வுகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை இயக்கினால், முறைமை அழைப்பு நிறுத்தங்களில் சமிக்ஞை எண் 5 உடன் 128 கூட்டப்பட்டு 133 எனக் கிடைக்கும். ஆயினும் அந்நிறுத்தம் அழைப்பின் நுழைவா, வெளியேற்றமா என்பது தெரியாது. தடமறி நிரல்கள் இரண்டையும் மாறி மாறி எண்ணியே வந்தன. ஒருமுறை கணக்குத் தவறினால் அதன்பின் எல்லாம் தலைகீழ். 2019 இல் வெளியான லினக்சு 5.3 பதிப்பில்தான் இதனைக் கருனியிடமே கேட்டறியும் வசதி வந்தது.

சக்தி செயலியில்

சமிக்ஞையை அனுப்புவது கருனியே எனினும், நிறுத்தற்புள்ளியின் தொடக்கம் வன்பொருளில் உள்ளது. சென்னை அடையாறுப் பகுதியிலுள்ள இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014 இல் தொடங்கப்பட்ட சக்தி செயலித் திட்டம் ரிஸ்க்-5 கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் நுட்பத்தில் உருவான சக்தி சில்லில் 2018 இல் லினக்சு இயங்கியது.

இத்தொகுதியில் வழுநீக்கி, நிறுத்த வேண்டிய இடத்திலுள்ள கட்டளையை எடுத்துவிட்டு இபிரேக் என்ற கட்டளையை எழுதி வைக்கும். செயலி அதனை அடைந்ததும் விதிவிலக்கு எண் 3 எழும். கருனி அதனைச் சிக்டிராப் ஆக மாற்றும். அப்போது நிரல் எண்ணி இபிரேக்கையே சுட்டும். எக்ஸ்86 செயலிகளிலோ அது ஒரு பைட்டு கடந்துவிடுவதால் வழுநீக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும்.

படிப்படியான ஓட்டத்துக்கு எக்ஸ்86 இல் தனிக் கொடிபிட்டு உண்டு. ரிஸ்க்-5 லினக்சில் ஜிடிபி, அடுத்து ஓடவிருக்கும் கட்டளையைத் தானே கணித்து அங்குத் தற்காலிக இபிரேக் ஒன்றை வைக்கிறது. கிளைபிரியும் கட்டளை எனில் பதிவக மதிப்புகளைப் பார்த்தே அவ்விடத்தை முடிவு செய்யும். எனவே இங்கு இருவகை நிறுத்தங்களும் ஒரே கட்டளையிலிருந்து பிறக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய ஜிடிபி தான் வைத்த புள்ளிகளின் பட்டியலையே நாடுகிறது.