கண்டி வீதி: குடாநாட்டின் தரைவழி

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் ஆழமற்ற கடல்நீரேரி பிரிக்கிறது. அதைக் கடப்பதற்கு வாய்ப்பான ஒடுங்கிய இடம் ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகளை இவ்வழியே குடாநாட்டுக்கு ஓட்டி வந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். கடவையைக் காக்க அங்கே ஒரு சிறு கோட்டையும் எழுந்தது. ஆயினும் அக்காலத்து யாழ்ப்பாண வாணிபத்துக்குக் கடல்தான் பெருவழி. புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குப் போயிற்று. கண்டிக்குப் போகும் காட்டுவழியில் பொதிமாட்டுக் கூட்டங்களே நடந்தன.

இந்த நிலையைப் பிரித்தானியர் மாற்றினர். கண்டி 1815 இல் அவர்கள் கைக்கு வந்தபின், தீவின் நடுப்பகுதியை எல்லாத் திசைகளோடும் இணைக்கும் வீதிகள் அமைந்தன. அவற்றில் வடக்கே நீண்டது மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்தை எட்டியது; அதுவே கண்டி வீதி. வீதி வேலை சாதாரணக் குடிமக்கள் மீதும் விழுந்தது. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி, 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும். இல்லையேல் பணம் கட்டவேண்டும். அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னாரில் வந்திறங்கிய தொழிலாளரும் மதவாச்சியில் இதே தடத்தை அடைந்துதான் மாத்தளைக்கு நடந்தார்கள். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். இன்று ஏ9 எனப்படும் அந்த வீதியின் தென்பாதியில் அவர்களுடைய காலடியும் பதிந்திருக்கிறது.

1905 இல் கொழும்பு ரயில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. 1956 இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. தெற்கில் அரச உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் விடுமுறைக்கு ஊர் வந்து போவது எளிதாயிற்று. வீதியோ லொறிகளுக்கும் பஸ்களுக்கும் உரியதாயிற்று. குடாநாட்டின் சனநெருக்கத்தைக் குறைக்க 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றம், இரணைமடுக் குளத்து நீரையும் கண்டி வீதியையும் நம்பி வளர்ந்தது. நெடுவழிக்கு ஒரு வழக்கமும் உண்டாயிற்று. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திய பிறகே சாரதிகள் மேலே செல்வார்கள். பயணிகள் இறங்கி முறிகண்டிக் கச்சான் வாங்குவார்கள். அவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் வீதி மூடப்பட்டது; ரயிலும் நின்றது. ஆனையிறவில் படைமுகாம் இருந்தமையால் சனங்கள் வேறு வழி தேடினார்கள். முதலில் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். பிறகு கிளாலிக் கடல்நீரேரியில் இரவு நேரத்தில் படகேறினார்கள். ஒரு மோட்டார்ப் படகின் பின்னே பல படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுத்துச் செல்வது அங்கே முறை. சைக்கிளும் மூட்டையும் குழந்தையும் ஒரே படகில் வரும். கடற்படையின் தாக்குதலில் பலர் அந்த நீரேரியில் உயிரிழந்தனர்.

வீதி மூடியதன் தாக்கம் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் தெரிந்தது. பெற்றோல், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் போன்றவை அரசின் தடைப்பட்டியலில் இருந்தன. பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். விளைந்த வெங்காயத்தைத் தென்னிலங்கைச் சந்தைக்கு அனுப்ப வழியில்லாமல் தோட்டக்காரர் தவித்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, கண்டி வீதியின் நாவற்குழிப் பாலமே அவர்களைத் தென்மராட்சிக்குக் கடத்தியது. 1997 மே மாதத்தில் இவ்வீதியைப் பிடிப்பதற்கென்றே இராணுவம் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சண்டையிட்டும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட பாதை முழுவதும் திறக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8 அன்று முகமாலையில் பாதை திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் உறவினர் ஒருவரையொருவர் கண்டனர். ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்புச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, வரியும் செலுத்திப் போகவேண்டியிருந்தாலும், சனங்கள் அதைப் பொறுத்துக்கொண்டனர். 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை மூண்டு பாதை மீண்டும் மூடியது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கப்பலில் வரும் பொருளையும், அனுமதி பெற்று ஏறும் விமானத்தையும் நம்பி வாழ்ந்தனர். 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் ஆனையிறவும் இராணுவத்திடம் வந்தன. போர் முடிந்தபின், படையினரின் வழித்துணையோடு பஸ்கள் ஓடத் தொடங்கி, படிப்படியாக வீதி எல்லாருக்கும் திறந்தது.

அதன் பிறகே புனரமைப்பு நடந்தது. வீதி அபிவிருத்தி அதிகார சபை, சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடனைக் கொண்டு ஏ9 வீதியின் வடபகுதியைக் காப்பெற் வீதியாக்கியது. குண்டும் குழியுமாய்க் கிடந்த பாதை அகன்றது. மதகுகளும் வடிகால்களும் புதிதாயின. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால், பூநகரி வழியாக மன்னார் செல்லும் இரண்டாவது தரைவழியும் கிடைத்தது. அதன்பின் ஆனையிறவு ஒன்றையே நம்பியிருக்கத் தேவையில்லாமல் போயிற்று. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது.

பயன் உடனே தெரிந்தது. மாலையில் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் விடியுமுன் கொழும்பு. நோயாளரை உயர் சிகிச்சைக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. வெங்காயமும் கொடிகாமச் சந்தைத் தேங்காயும் மாம்பழமும் தெற்கே போயின. ஆனால் அதே வீதியால் தெற்கின் மரக்கறியும் மலிவான தொழிற்சாலைப் பொருளும் வந்து, சிறு உற்பத்தியாளரை நெருக்கின. வங்கிகளோடு லீசிங் நிறுவனங்களும் வந்தன. தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தின.

தெற்கு அதிவேகப் பாதைக்கு வேலி உண்டு. ஏறி இறங்கக் குறித்த வாயில்கள் உண்டு. கண்டி வீதி அப்படியல்ல. கைதடியிலும் சாவகச்சேரியிலும் மீசாலையிலும் அது ஊர்நடுவே போகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும், இரவில் வீதியில் படுக்கும் மாடும், கொழும்புச் சொகுசு பஸ்ஸும் ஒரே தடத்தில் செல்கின்றன. வீதி செம்மையானதும் வேகம் கூடியது, விபத்துகளும் மலிந்தன. குடிமனைப் பகுதிகளில் வேகக் கட்டுப்பாடும், நடைபாதையும், வெளிச்சமும் இல்லாமல் புனரமைப்பு நிறைவாகாது.

முகமாலையில் வீதியோரக் காணிகள் போரின் கண்ணிவெடிகளால் நிறைந்திருந்தன. வீதியில் வாகனங்கள் விரைந்தோட, சில முழத் தூரத்தில் பணியாளர் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிண்டி வெடிகளை அகற்றினர். வீதி திறந்து பல ஆண்டுகள் காத்திருந்தே அங்குள்ள குடும்பங்கள் ஊர் திரும்பின. தார் போட்ட வேலை சில ஆண்டுகளில் முடிந்தது. வீதியின் இரு மருங்கிலும் வாழ்வை மீட்கும் வேலைக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது. ஒரு வீதியின் முன்னேற்றத்தை அளக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே அளக்கவேண்டும் என்பதைக் கண்டி வீதியின் வரலாறு காட்டுகிறது.